எட்டுக்குப் பத்து

மாரண்டஅள்ளியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்
பட்டுப்புழு வளர்த்த கொட்டகை கிடைத்தது எங்களுக்கு.
வாடகை ஆயிரத்து இருநூறு.
மல்பெரியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளிக்கு மாறிய முனிராஜ்
சாவியோடு ஒரு கட்டுச் சந்திரிகையும் கொடுத்தார்:
"எரிக்கவும் மனசு வரல, வச்சிக்கவும் இடமில்ல."

உள்ளே போய்க் கைதட்டினேன்.
கைதட்டல் எதிர்ச்சுவரைத் தொட்டு
தகரக் கூரையில் ஏறி
மூலைக்கு மூலை விசாரித்துவிட்டு
மெதுவாகத் திரும்பி வந்தது.
இங்கே யார் பேசினாலும்
அவர் குரலே அவரைக் குறுக்கிட்டுப் பேசும்.

சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டேன்.
எட்டுக்குப் பத்து, பேசுகிறவர்களுக்கு.
ஆறுக்கு எட்டு, பதிவு செய்யும் மாதேசனுக்கு.
நடுவில் கண்ணாடி, இரண்டு அடுக்கு,
ஒன்று சற்றே சாய்ந்து.
மீதி இடம் செருப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும்.

முட்டை அட்டை ஒட்டலாம் என்றான் மாதேசன்,
எங்கோ பார்த்திருக்கிறான்.
அட்டை சத்தத்தைத் தின்னாது,
கரையான்தான் அட்டையைத் தின்னும்.
கோணிச்சாக்கு, உள்ளே தென்னை நார், நாலு விரல் தடிமன்.
அதன்மேல் அங்கங்கே சந்திரிகை.
புழு கூடு கட்டட்டும் என்று
யாரோ வளைத்து வளைத்துக் கட்டிய மூங்கில் சுழி;
குரல் அதில் பட்டால் வழி தெரியாமல் சிதறும்.
அதற்குச் செலவில்லை.

ரயிலுக்கு என்ன செய்வது?
ரயிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது.
வரும்போது பேச்சை நிறுத்தித்
தண்ணீர் குடிக்கவும் என்று எழுதிவைத்தேன்.
மழைக்கும் அதே.

மூன்றாம் நாள் மகளிர் குழுவிலிருந்து ஏழு பேர்
கோட்டைப் பார்க்க வந்தார்கள்.
சுவர் என்று நான் போட்ட தூளை மிதிக்காமல்
கதவு என்று விட்ட இடைவெளி வழியாக
ஒவ்வொருவராக நுழைந்தார்கள்.

ஜெயக்கொடி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இங்க வந்து பேசினா யாருக்குத் தெரியும்?"
குரல் மட்டும்தான் போகும், முகம் போகாது என்றேன்.
"அதக் கேக்கல. அந்த டீக்கடையக் கேட்டேன்."

திரும்பிப் பார்த்தேன்.
பெஞ்சில் நாலு பேர், எட்டுக் கண்ணும் எங்கள் கதவில்.
யார் வீட்டு மருமகள், எப்போது போனாள்,
எத்தனை டீ ஆறும்வரை உள்ளே இருந்தாள்,
எல்லாம் அங்கே பதிவாகும்,
எங்கள் கருவி எதுவும் தேவைப்படாமல்.
பெயரை மாற்றலாம். குரலைக்கூட மாற்றலாம்.
நடையை?

"பின்னால ஒரு கதவு வை" என்றாள்.
பின்னால் கிணறு, சோளக்காடு,
குடத்தோடு யாரும் போகிற தடம்.

இன்னொரு கதவு என்றால்
இன்னொரு ஓட்டை.
கனத்த பலகை, ரப்பர் பட்டை, ஏழாயிரம் கூடும்.
நான் படித்ததெல்லாம் வேண்டாம் என்றது.
"பேச்சுக்கு அடியில் கிணற்று மோட்டார் இரையும்" என்றேன்.
"இரையட்டுமே. மோட்டார் எந்த ஊர்லதான் ஓடல?
கேக்கிறவனுக்கு எந்த ஊர்னு புரியாது."

அன்று மாலை
மாதேசனின் அறை ஒரு அடி சுருங்கியது.
கண்ணாடி ஒரே அடுக்காயிற்று,
அதற்கொரு திரை, கயிறு பேசுகிறவர் பக்கம்.
தாழ்ப்பாள் உள்ளே மட்டும்.
ஏசி என்ற வரியை அடித்துவிட்டு
மின்விசிறி என்று எழுதினேன்,
பதிவின்போது நிறுத்தவும், பெரிய எழுத்தில்.
சுவரை இடிக்க முனிராஜிடம்
இன்னும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஜெயக்கொடி மறுபடி வந்தாள்.
பின்சுவரில் நான் சாக்பீஸால் வரைந்த கதவில் முதுகை வைத்து
அங்கிருந்து அடி எண்ணி நடந்தாள்.
ஒன்பது.
எட்டுக்குப் பத்தின் நடுவில் உட்கார்ந்தாள்.
ஒன்றும் பேசவில்லை.

சாயங்கால ரயில் வந்தது,
தகரம் அதிர்ந்து அடங்கியது.
எழுதிவைத்தபடி தண்ணீர் கொடுத்தேன்.
குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்ப ரெடியாகும்?" என்றாள்.